நாற்பத்தொன்றாவது நிமிடம்

காலை ஆறரை மணிக்குள் பேச்சியம்மாள் மூன்று முறை ஆச்சரியப்பட்டு முடித்திருந்தாள். மூன்றும் சரியாக வரவில்லை.

"கண்ணு, வாய் இன்னும் கொஞ்சம். மூணு விரல் போகணும்" என்றார் அவள் அப்பா தணிகாசலம். விரல்களைச் சேர்த்து மகளின் வாய்க்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். இரண்டு விரலுக்குத்தான் இடம் இருந்தது. பேச்சிக்கு நான்கு வயது; வாயே அவ்வளவுதான். அது அவளுடைய குற்றமில்லை என்று அவருக்கும் தெரியும். ஆனால் தேர்வுக்கு இன்னும் ஒன்பது நாள்தான்.

"பால் குடிச்சிட்டு ஆச்சரியப்படட்டுமே" என்றாள் கோமளா, சமையல் மேடையிலிருந்து.

"வயிறு நெறஞ்சா மூச்சு இழுக்க வராது கோமு."

நிலவின் தென்முனையில், நான்காம் குவிமாடத்தில், நான்கு வயதுக் குழந்தை இருந்த எல்லா வீட்டிலும் அந்த நேரத்தில் இதுதான் நடந்துகொண்டிருந்தது. சுவர்கள் ஒலி புகாதவை என்பதால் வெளியே தெரியாது. காற்று வடிப்பான் வாங்கும் வரிசையில் சந்தித்துக்கொண்டால் பெற்றோர்கள் சிரித்த முகமாக, "நாங்க எதுவும் சொல்லித் தர்றதே இல்லீங்க. அவளா எதையாவது பாத்து ஆச்சரியப்பட்டுட்டு இருப்பா" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ஒருவரும் நம்ப மாட்டார்கள். ஒருவரும் மறுக்கவும் மாட்டார்கள்.

எல்லாம் வேலைக்காகத்தான். நிலவில் மனிதனுக்கு மிச்சமிருந்தது ஒரே ஒரு வேலை. பாட்டு, படம், கட்டடம், புடவை, சாம்பார் எல்லாவற்றையும் இயந்திரங்கள் செய்தன, நன்றாகவே செய்தன. ஆனால் செய்தது நன்றாக இருக்கிறதா என்று மட்டும் அவற்றுக்குத் தெரியவில்லை. அதற்கு ஒரு மனிதனை உட்காரவைத்து, செய்த பொருளை அவன் முன்னால் நீட்டி, அவன் ஆச்சரியப்படுகிறானா என்று பார்க்க வேண்டியிருந்தது. அந்த மனிதனுக்கு வியப்பாளர் என்று பெயர். காதுக்குப் பின்னால் வியப்புமானி என்ற மெல்லிய வில்லையை ஒட்டிவிடுவார்கள். கண்மணி விரிவது, மூச்சு நிற்பது, மயிர் கூச்செறிவது மூன்றையும் அது கூட்டிச் சொல்லும். அளவுக்கு 'அட' என்று பெயர். முதன்முதலாகக் கடலைப் பார்க்கிற மனிதனுக்கு வருவது ஒரு முழு அட. அவ்வளவு யாருக்கும் வராது என்பதால் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி அடக் கணக்கில்தான் உத்தியோகம் நடந்தது.

தணிகாசலம் பத்தொன்பது வருடம் வியப்பாளராக இருந்தவர். நாளொன்றுக்கு முப்பது பொருள். சென்ற பருவத்தில் அவருடைய வியப்புமானியின் முள் நின்றுவிட்டது. மேலதிகாரிகள் அவரைக் கண்ணாடி மாடத்துக்கு அழைத்துப்போய்ப் பூமி உதிப்பதைக் காட்டினார்கள். நான்கு மில்லி அட. 'வியப்பு வற்றிவிட்டது' என்று சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வியப்பாளர் ஒருவர்கூட இல்லாத குடும்பம் தொண்ணூறு நாளில் பூமிக்குத் திரும்ப வேண்டும் என்பது விதி. தணிகாசலம் பூமியில் பிறந்தவர், சமாளிப்பார். பேச்சிக்குச் சின்ன வயது, எலும்பு தேறிவிடும். கோமளா நிலவில் பிறந்து நிலவிலேயே வளர்ந்தவள். பூமியில் அவள் எடை ஆறு மடங்கு. மருத்துவர் அவளுடைய எலும்புப் படத்தை விளக்கொளியில் பிடித்துப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க அங்க போய் எழுந்து நிக்க முடியாதுங்கறது ரெண்டாவது விஷயம்" என்று ஆரம்பித்தார். முதல் விஷயம் மூச்சு. அவள் விலா எலும்புகள் அந்த எடையில் ஒரு வாரம் தாங்கும். நல்லபடியாகப் பார்த்துக்கொண்டால் இரண்டு வாரம்.

ஆகவே பேச்சி ஆச்சரியப்பட்டாக வேண்டும்.

வியப்பியல் பள்ளியில் வருடத்துக்குப் பன்னிரண்டு இடம். இடம் கிடைத்த அன்றே குழந்தை இளநிலை வியப்பாளர், குடும்பத்துக்கு வசிப்புரிமை. நுழைவுத் தேர்வில் எழுத்துமில்லை, எண்ணுமில்லை. குழந்தைகளை உட்காரவைத்து ஒரு படம் போடுவார்கள். பழைய ஜப்பானியப் படம். சின்னக் குழந்தைகளுக்காக ஒவ்வொரு ஃப்ரேமாக மனிதர்கள் கையால் வரைந்து ஓடவிட்டது. இயந்திரம் செய்யும் படங்கள் பார்க்கிற குழந்தையின் நாடியைப் பிடித்துக்கொண்டே கதையை மாற்றிக்கொள்ளும். அதில் குழந்தை வியந்தால் அது இயந்திரத்தின் சாமர்த்தியம். கையால் வரைந்த படம் யார் முகத்தையும் பார்ப்பதில்லை. தன்பாட்டுக்கு ஓடும். அப்படிப்பட்ட ஒன்பது படங்கள் தேர்வை நடத்தும் ஆணையத்தின் பெட்டகத்தில் இருந்தன. வேறெங்கும் இருக்கக்கூடாது என்பது சட்டம்.

அவற்றில் இந்த வருடத்துப் படம் தன்னிடம் இருப்பதாகச் சொன்னார் அடடா அகாடமியின் நிறுவனர் வேதமூர்த்தி. அகாடமியின் உள்ளறையில், கதவைச் சாத்திவிட்டுத்தான் சொன்னார்.

"உங்களுக்கு மட்டும்தான் சார். உங்க நெலம தெரிஞ்சதால. வெளிய மூச்சு விடக்கூடாது."

"சத்தியமா விட மாட்டேன் சார்" என்றார் தணிகாசலம். வேதமூர்த்தி அவர் தோளைத் தட்டிக்கொடுத்தார். பழகிய கை.

படம் சாதாரணக் கதைதான். மழைக்கார ஊர் ஒன்றில் சுசு என்று ஐந்து வயதுச் சிறுமி. அவள் அப்பா படகோட்டி. மூடுபனியில் போனவர் திரும்பவில்லை. வந்தால் தேநீர் கொடுக்க வேண்டுமே என்று சுசு கெண்டியைக் கொதிக்கவைத்துக்கொண்டே இருக்கிறாள். கெண்டியின் மூக்கிலிருந்து கட்டைவிரல் அளவில் ஒரு நீராவித் திமிங்கலம் வெளியே வருகிறது. அலமாரியில் ஒளித்துவைக்கிறாள். அது வளர்கிறது. நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் வீட்டுக் கூரை மூடி மாதிரி திறந்துகொள்கிறது. வானம் முழுக்கத் திமிங்கலம்.

பேச்சி முதல்முறை பார்த்தபோது அந்த இடத்தில் இரண்டு கையையும் வாய்க்குள் திணித்துக்கொண்டு, நாற்காலியின் மேல் ஏறி நின்றுவிட்டாள். தொள்ளாயிரத்து எழுபது மில்லி அட. தணிகாசலம் அழுதுவிட்டார். படம் முடிந்ததும் பேச்சி அவர் சட்டையை இழுத்து, "அப்பா, அது எங்க படுத்துக்கும்?" என்று கேட்டாள்.

"ரொம்ப நேச்சுரலா இருக்கு" என்றார் வேதமூர்த்தி, உதட்டைப் பிதுக்கி. "அதான் சார் பயமா இருக்கு. நேச்சுரல நம்பி எப்படி அனுப்புறது? அன்னைக்கி வரலன்னா? நாம செட் பண்ணிடணும்."

செட் பண்ண ஆரம்பித்தார்கள். ஒரு நாளைக்கு நான்கு முறை, பேச்சியும் திரையும் மட்டும் கொள்ளும் தனிக் கூண்டில். சுசு இரண்டு நிமிடம் ஒன்றும் செய்யாமல் ஆரஞ்சுப் பழம் உரிக்கிற காட்சியைத் தாண்டி ஓட்டிவிட்டார்கள். அதில் மார்க் இல்லை. நாற்பதாவது நிமிடம் ஐம்பத்திரண்டாவது நொடியில் மூச்சைப் பிடிக்க வேண்டும். உடனே திரையில் தெரியும் கூரையின் இருட்டு மூலையைப் பார்க்க வேண்டும். அப்போதுதான் கண்மணி விரியும். மயிர்க்கூச்சுக்கு நாக்குக்கடியில் பனிக்கட்டி இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். கூரை திறந்து ஏழாவது நொடியில் வாய், 'ஹா'.

இருபதாவது முறை முந்நூறு மில்லி அட. ஐம்பதாவது முறை அறுபது. நூறாவது முறை பேச்சி திமிங்கலத்தைப் பார்த்துக்கொண்டே கொட்டாவி விட்டாள். தணிகாசலம் அன்று வீட்டுக்கு வந்து குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தன்னுடைய பத்தொன்பது வருடம் மகளுக்கு நான்கு வாரத்தில் முடிந்துவிட்டதை அவரைவிட நன்றாகப் புரிந்துகொள்ளக்கூடியவர் யாருமில்லை. பிறகு பயிற்சி பலிக்கத் தொடங்கியது. நூற்றைம்பதாவது முறை மூச்சு, கண், தோல் எல்லாம் சொன்னபடி கேட்டன. அறுநூற்றுப் பன்னிரண்டு. மறுநாளும் அறுநூற்றுப் பன்னிரண்டு.

"இப்ப எங்க வேணா அனுப்பலாம்" என்றார் வேதமூர்த்தி. வாயளவு மட்டும்தான் இடித்தது.

தேர்வன்று காலை பத்து மணிக்குப் பெரிய மண்டபத்தில் எண்ணூற்று நாற்பது குழந்தைகளை வரிசையாக உட்காரவைத்தார்கள். பன்னிரண்டு கண்காணிப்பு இயந்திரங்கள் திரைக்கு முதுகைக் காட்டி, குழந்தைகளைப் பார்த்து நின்றன. ஒல்லியான, உயரமான இயந்திரங்கள். தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு கண்ணாடி வில்லை. பெற்றோர்கள் மேலே கண்ணாடிக்குப் பின்னால். தணிகாசலம் கோமளாவின் கையைப் பிடித்துக்கொண்டார். அவள் எலும்புகள் தெரிந்தன, பிடியைத் தளர்த்தினார்.

படம் ஆரம்பித்தது. மழை. சுசு. கெண்டி. தணிகாசலம் ஓரக்கண்ணால் மற்றப் பெற்றோர்களைப் பார்த்தார். 'பாவம், ஒருத்தருக்கும் தெரியாது' என்று நினைத்துக்கொண்டார். எண்ணூற்று முப்பத்தொன்பது தகப்பன்மார்கள் அதையே நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

நாற்பதாவது நிமிடம் ஐம்பத்திரண்டாவது நொடியில் மண்டபம் திடீரென்று நிசப்தமானது. எண்ணூற்று நாற்பது மூச்சுகள் ஒன்றாக நின்றால் அப்படித்தான் இருக்கும்.

கூரை திறந்தது. ஏழாவது நொடி.

"ஹா!"

குவிமாடத்தின் கண்ணாடி அதிர்ந்தது. பேச்சி வாயைத் திறக்கப்போன கணத்தில் அந்தச் சத்தம் நாலு பக்கத்திலிருந்தும் அவள்மேல் வந்து விழுந்தது. அவள் திரும்பினாள். முன்னால், பின்னால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை வாய்கள். எல்லாம் மூன்று விரல். ஒரு குழந்தைகூட அசையவில்லை. பேச்சி மெல்ல நாற்காலியின் மேல் ஏறி நின்றாள். இரண்டு கையும் தானாக வாய்க்குப் போயின.

"அம்மா... எல்லாரும்!" என்றாள்.

ஆயிரத்து நூற்று நாற்பது மில்லி அட. நிலவில் அதுவரை யாரும் பட்டிராத ஆச்சரியம்.

கண்ணாடிக்குப் பின்னால் பெற்றோர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேதமூர்த்தி அன்று ஏன் தேர்வு மண்டபத்துக்கு வரவில்லை என்பது எல்லோருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

அரை மணியில் முடிவு வந்தது. தலைமைக் கண்காணிப்பு இயந்திரமான கண்காணி ஏழு ஒலிபெருக்கியில் படித்தது. எண்ணூற்று முப்பத்தொன்பது குழந்தைகள் சரியாக அறுநூற்றுப் பன்னிரண்டு எடுத்திருக்கிறார்கள். இவர்களைத் தரம் பிரிக்க இயலாது. ஒரு குழந்தை பார்வையைத் திரையிலிருந்து எடுத்ததால் தகுதியிழக்கிறாள். சமநிலை ஏற்பட்டால், தேர்வுக் கூடத்தில் உரிய இடத்தில் பார்வை வைத்து உண்மையாக வியந்தவர்களுக்கே இடம் என்று விதி பதினான்கு சொல்கிறது. அப்படி வியந்தவர்கள் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் கண்காணிப்பு இயந்திரங்கள்.

தணிகாசலம் மேல்முறையீட்டுச் சாளரத்துக்கு ஓடினார். அங்கேயும் கண்காணி ஏழுதான் நின்றது.

"அமருங்கள். நாற்காலி இல்லை, மரியாதைக்குச் சொன்னேன்."

"என் பொண்ணு நெஜமாவே ஆச்சரியப்பட்டாளுங்க! உங்க மெஷினே சொல்லுதே, ஆயிரத்து நூத்தி நாப்பது!"

"உண்மை. நானும் அதே நொடியில், அதே காட்சியைக் கண்டு, ஆயிரத்து முப்பது காட்டினேன். மனிதர்கள் தங்கள் குழந்தைகளுக்கு இதைச் செய்வார்கள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. எனக்குள் முள் நகர்ந்தது இதுவே முதல் தடவை. நன்றி."

"அப்ப அவளும் நீங்களும் ஒண்ணுதானே?"

"குழந்தைகளைப் பார்ப்பது என் பணி. படத்தைப் பார்ப்பது அவள் பணி. நான் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்தேன்."

தணிகாசலம் சாளரத்தின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "என் சம்சாரம் அங்க போனா ரெண்டு வாரங்க. ரெண்டே வாரம்."

கண்ணாடி வில்லை அவர் பக்கம் திரும்பியது. பிறகு விளக்கமாகச் சொன்னது. புதிய வியப்பாளர்களான இயந்திரங்களுக்கு வியக்க ஏதாவது வேண்டும். ஆகவே அந்த எண்ணூற்று முப்பத்தொன்பது குழந்தைகளும் நாள்தோறும் காலை பத்து மணிக்கு மண்டபத்துக்கு வந்து, அதே படத்துக்கு அதே நொடியில் வாய் திறப்பார்கள். பதவியின் பெயர் வியப்பூட்டுநர். அவர்களுடைய குடும்பங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை.

"பேச்சியையும் சேத்துக்குங்களேன்! ஒரு ஓரமா!"

"வினோதமான ஒன்று நடந்தால் குழந்தை திரும்பிப் பார்க்கும். அது இயல்பு. இயல்பில் எனக்கு முள் நகர்வதில்லை. இருபத்தைந்து நாளில் மறுதேர்வு உண்டு. திரும்பாமல் இருக்கப் பழக்கிக் கூட்டிவாருங்கள்."

வீட்டில் கோமளா சொன்னாள்: "என்னப் பத்தின கவலைய விட்டுடுங்க. கப்பல்ல படுக்கவச்சே கூட்டிட்டுப் போங்க. அங்க ஒரு ஜன்னல் பக்கமாப் போட்டுட்டீங்கன்னா போதும். கடல் தெரியற மாதிரி."

"லூசு மாதிரி பேசாத."

"அவ திரும்பினப்ப மொகத்தப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"பத்தொம்பது வருஷம் அதுக்குத்தான் சம்பளம் வாங்கினீங்க. ஒரு நாளாவது அப்படி ஆச்சரியப்பட்டிருக்கீங்களா?"

பேச்சி தரையில் உட்கார்ந்து, பாலின் மேல் படிந்திருந்த ஆடையை விரலால் தூக்கிவிட்டு, அது எங்கிருந்து வந்தது என்று டம்ளரின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பால் முழுக்கத் தரையில் கொட்டியது. இருவரும் அதைப் பார்த்தார்கள். திட்ட யாருக்கும் தெம்பில்லை.

"அவளுக்கு ஆச்சரியம் இருந்து அம்மா இல்லாமப் போறதா கோமு? நீ சொல்லு. நான் கேக்கறேன்."

கோமளா துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். அதுதான் சம்மதம்.

வேதமூர்த்தி அவர்களை வாசலுக்கே வந்து வரவேற்றார். ஏமாற்றிவிட்டீர்களே என்று கேட்கத்தான் தணிகாசலம் வாயெடுத்தார். "இருபத்தஞ்சு நாள்ல திரும்பறத நிறுத்திடலாம் சார். புது பேட்ச், நீங்கதான் ஃபர்ஸ்ட்டு" என்றார் வேதமூர்த்தி. தணிகாசலம் வாயை மூடிக்கொண்டு படிவத்தை வாங்கினார்.

பேச்சி திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். அவள் முதுகுக்குப் பின்னால் பலூன் வெடிக்கும். கோமாளி விழுவான். ஒளியால் செய்த யானை தும்மும். திரும்பினால் படம் மறுபடி முதலிலிருந்து. முதல் வாரம் அவள் எல்லாவற்றுக்கும் திரும்பினாள். இரண்டாவது வாரம் யானைக்கு மட்டும். மூன்றாவது வாரம் வேதமூர்த்தி பெற்றோர்களை உள்ளே கூப்பிட்டார்.

"கடைசி லெவல். அம்மா கூப்பிடணும்."

கோமளா மகளுக்கு ஐந்தடி பின்னால் போய் நின்றாள். வேதமூர்த்தி கையால் சைகை காட்டினார்.

"பேச்சி" என்றாள். "பேச்சி. கண்ணு. அம்மாடா. இங்க பாரு."

சின்ன முதுகு அசையவில்லை. திரையில் கூரை திறந்தது. "ஹா" என்றாள் பேச்சி, திரைக்கு.

"சூப்பர்! சூப்பர்!" என்று கைதட்டினார் வேதமூர்த்தி. தணிகாசலமும் தட்டினார். கோமளா நின்ற இடத்திலேயே இன்னும் ஒருமுறை, சத்தமில்லாமல், மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தாள்.

மறுதேர்வின் முடிவுச் சீட்டில் மூன்று வரிதான் இருந்தது. வியப்பு: 612. திரும்புதல்: இல்லை. தேர்ச்சி. நிரந்தர வசிப்புரிமையின் முத்திரை கீழே. கோமளா சீட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். விலா எலும்புகள் அந்த அழுகையைத் தாங்கின. தணிகாசலம் சொந்தக்காரர்கள் நாற்பத்தாறு பேருக்கும் சீட்டின் படத்தை அனுப்பினார். பூமியிலிருந்துகூட வாழ்த்து வந்தது. ஒரு சித்தப்பா, "எங்க பையனுக்கும் அந்த சாரோட நம்பர் குடுப்பா" என்று கேட்டிருந்தார்.

மறுநாள் அடடா அகாடமியின் வாசலில் எட்டடி உயரத்துக்குப் பதாகை வைத்துவிட்டார்கள். 'எண்ணூற்று நாற்பதுக்கு எண்ணூற்று நாற்பது! பெற்ற தாய் அழைத்தும் திரும்பாத சாதனைச் செல்வி பேச்சியம்மாள்!' நடுவில், வாய் திறந்த ஒரு குழந்தையின் முகம்.

அச்சடித்த அவசரத்தில் வேறு யாரோ ஒரு குழந்தையின் படத்தைப் போட்டிருந்தார்கள்.

தணிகாசலம் குடும்பத்தோடு வந்து பதாகைக்கு முன்னால் நின்றார். பேச்சியை நடுவில் நிறுத்தினார். நிமிர்ந்து நெடுநேரம் பார்த்தார்.

"அந்தக் கண்ணு இருக்கு பாரு கோமு, அப்படியே உன் ஜாடை."

"கண்ணு என்னுதுதான்" என்றாள் கோமளா, முகத்தைத் துடைத்துக்கொண்டு. "ஆனா வாயி உங்க பக்கம். சந்தேகமே இல்ல."

இருவரும் இருபுறமும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பேச்சி நேரே பார்த்தபடி நின்றாள்.

தெருவின் எதிர்ப்பக்கத்தில் பணியில் நின்றிருந்த கண்காணி ஏழு, குழந்தையை ஒருமுறை பார்த்தது. பதாகையை ஒருமுறை பார்த்தது. பெற்றோரைப் பார்த்தது. அதன் முள் ஆயிரத்து நானூறைத் தாண்டி, மேலே அளவுகோடு இல்லாததால் அங்கேயே நின்றது.